கட்டி கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கட்டும்!

கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே இம்யூனோதெரபி: சிகிச்சையின் வரிசையை மாற்றிப் பார்க்கிறது மருத்துவ உலகம்

புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததுமே வீட்டில் எல்லோர் வாயிலும் வரும் முதல் கேள்வி, “ஆபரேஷன் எப்போ?” என்பதுதான். வெட்டி எடுத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்புகிறோம். ஒரு வாரம் தள்ளிப்போனாலே தூக்கம் போய்விடுகிறது. அப்படியிருக்க, “கட்டியை இப்போது தொட வேண்டாம். இரண்டு மாதம் மருந்து கொடுப்போம், அதுவரை அது உள்ளேயே இருக்கட்டும்” என்று ஒரு மருத்துவர் சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 15 நோயாளிகளிடம் அப்படித்தான் சொன்னார்கள். கட்டியின் அளவோ, அது இருந்த இடமோ, ரத்தக் குழாயை அது நெருங்கியிருந்த விதமோ காரணமாக, வழக்கமான கணக்கின்படி நேராக அறுவை சிகிச்சைக்கு அனுப்ப முடியாதவர்கள் அவர்கள். கபோசான்டினிப் என்ற மாத்திரையும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியும் எட்டு வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. முடிவில் 12 பேருக்குக் கட்டியை மிச்சமின்றி வெட்டி எடுக்க முடிந்தது. வெட்டிய கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஐந்து பேருடைய கட்டிகளில் புற்றணுக்கள் ஏறக்குறைய முழுவதுமாகவோ, அடியோடோ செத்துப்போயிருந்தன. 2021-ல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் ‘அறுவைக்கு முன் இம்யூனோதெரபி’ என்ற யோசனையைக் கல்லீரல் புற்றுநோய் மருத்துவர்கள் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கியது இதுபோன்ற முடிவுகளுக்குப் பிறகுதான்.

இரட்டை நோய்

கல்லீரல் புற்றுநோய் ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது? 2022-ல் மட்டும் உலகில் சுமார் 8.66 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7.58 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நோயின் கொடுமையைச் சொல்லிவிடும். புற்றுநோய் மரணங்களில் இதற்கு உலகில் மூன்றாவது இடம்.

மற்ற பல புற்றுநோய்களில், நோய் வந்த பகுதியைத் தவிர உறுப்பின் மிச்சம் நலமாக இருக்கும். கல்லீரலில் பெரும்பாலும் அப்படியில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், மது, ஃபேட்டி லிவர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பல ஆண்டுகளாக ஈரலை அரித்து, தழும்பேறிய ‘சிர்ரோசிஸ்’ நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் பலருக்குப் புற்று முளைக்கிறது. அறுவை மருத்துவர் கையில் கத்தியை எடுக்கும்போது அவர் முன் இருப்பவை இரண்டு நோய்கள்: ஒன்று கட்டி, மற்றொன்று கட்டியைச் சுற்றியுள்ள நலிந்த ஈரல்.

ஆரோக்கியமான கல்லீரலில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சினாலே அது வளர்ந்து ஈடுகட்டிவிடும். சிர்ரோசிஸ் வந்த ஈரலில் 40 சதவிகிதமாவது மிஞ்ச வேண்டும் என்பது அறுவை மருத்துவர்களின் கணக்கு. அதனால்தான் “கட்டியை எடுக்கலாம், ஆனால் மிஞ்சும் ஈரல் தாங்காது” என்ற பதிலைப் பல குடும்பங்கள் கேட்க நேர்கிறது.

அறுவை நன்றாக முடிந்தவர்களுக்கும் கவலை தீர்வதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 70 சதவிகிதம் பேருக்குப் புற்று மீண்டும் வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்புவது பெரும்பாலும் அறுவையின்போதே ஸ்கேனில் சிக்காமல் பரவியிருந்த நுண்ணிய புற்றணுக்களின் வேலை. அதற்குப் பிறகு வருவது, நலிந்த ஈரலில் புதிதாக முளைக்கும் இன்னொரு புற்று. முதல் வகையை ஒழிக்க, கண்ணுக்குத் தெரியாத அணுக்களை உடல் முழுவதும் தேடிப் பிடிக்கும் மருந்து தேவை.

பின்னால் கொடுத்துப் பார்த்த கதை

அந்த மருந்துக்காக நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கமான கீமோதெரபி கல்லீரல் புற்றில் பெரிதாக எடுபடவில்லை. 2007-ல் சோராஃபெனிப் மாத்திரைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தபோது, முற்றிய நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கும் மருந்து ஒன்றாவது வந்ததே என்று மருத்துவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அதையே அறுவை முடிந்தவர்களுக்குக் கொடுத்து, புற்று திரும்புவதைத் தடுக்க முடியுமா என்று ‘ஸ்டார்ம்’ ஆய்வில் பார்த்தார்கள். பலனில்லை என்று 2015-ல் முடிவு வந்தது.

பிறகு வந்தது இம்யூனோதெரபி. நம் உடலின் டி செல்கள் புற்றணுவைத் தாக்கக்கூடியவை. ஆனால் தாக்குதல் எல்லை மீறாமல் இருக்க, அவற்றின் மேற்பரப்பில் ‘போதும், நிறுத்து’ என்ற சமிக்ஞையை ஏற்கும் புரதங்கள் உண்டு. புற்றணு அந்தச் சமிக்ஞையைத் தனக்குச் சாதகமாக்கித் தப்பித்துக்கொள்கிறது. அந்தச் சமிக்ஞையை மறித்துவிட்டால் டி செல்கள் மீண்டும் களத்தில் இறங்கும். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கல்லீரலில் இது வேலை செய்யுமா என்ற சந்தேகம் தொடக்கத்தில் இருந்தது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. உணவின் துகள்கள், பாக்டீரியாக்களின் சிதறல்கள் எல்லாம் அதில் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பாற்றல் சீறிக்கொண்டு கிளம்பினால் நாம் ஒரு வேளை சாப்பாட்டைக்கூடத் தாங்க மாட்டோம். அதனால் ஈரல் இயல்பிலேயே பொறுத்துப்போகும் உறுப்பு; புற்று அந்தப் பொறுமையின் மறைவில் வளர்கிறது. இருந்தும் 2020-ல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் ஆகிய இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய நோயாளிகள் சோராஃபெனிப் எடுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்.

அடுத்து, அதே கூட்டு மருந்தை அறுவைக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தார்கள். ‘ஐஎம்பிரேவ்050’ என்ற ஆய்வில் 668 பேர் பங்கேற்றார்கள். கட்டியை வெட்டியோ, சுட்டெரித்தோ நீக்கியவர்கள். புற்று திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். 2023-ல் வந்த முதல் முடிவில், புற்று திரும்பும் ஆபத்து 28 சதவிகிதம் குறைந்ததாகத் தெரிந்தது. மருத்துவ மாநாட்டில் கைதட்டல். ஆனால் 2024-ல், நோயாளிகளை இன்னும் அதிக காலம் கவனித்துவிட்டுப் பார்த்தபோது அந்த இடைவெளி சுருங்கிப்போயிருந்தது. ஆயுள் கூடியதற்கும் சான்றில்லை.

அறுவைக்குப் பின் கொடுப்பது வீண் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் புற்று புகுந்திருந்த 198 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வில், அறுவைக்குப் பிறகு கொடுத்த சின்டிலிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, புற்று திரும்பாத காலத்தை 15.5 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக உயர்த்தியது. ஆயினும் மருத்துவர்களின் மனத்தில் வேறொரு கேள்வி வலுத்துக்கொண்டிருந்தது: மருந்தில் குறையா, அல்லது கொடுத்த நேரத்தில் குறையா?

அதே மருந்து, வேறு வரிசை

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை, தோலில் வரும் மெலனோமா புற்றிலிருந்து வந்தது. 313 பேரிடம் நடந்த எஸ்1801 என்ற ஆய்வில் இரு குழுவினருக்கும் ஒரே மருந்து, பெம்ப்ரோலிசுமாப். மொத்தம் அதே 18 தவணைகள். ஒரு குழுவுக்கு 18 தவணையும் அறுவைக்குப் பிறகு. இன்னொரு குழுவுக்கு முதல் மூன்று மட்டும் அறுவைக்கு முன், மீதி பின்னால். இரண்டு ஆண்டுகள் கழித்து, நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் முதல் குழுவில் 49 சதவிகிதம். இரண்டாவதில் 72 சதவிகிதம். மருந்தும் அளவும் மாறவில்லை. மூன்று ஊசிகள் இடம் மாறியதற்கே இந்த வித்தியாசம்.

ஏன் இப்படி? திருடன் விட்டுச்சென்ற துணியை முகர்ந்தால்தான் மோப்ப நாய்க்குத் தடம் கிடைக்கும். டி செல்களுக்குக் கட்டிதான் அந்தத் துணி. கட்டி உள்ளே இருக்கும்போது, அதன் பலவகை அணுக்களின் அடையாளங்கள் எல்லாம் எதிர்ப்பாற்றலின் கண்ணில் படுகின்றன. கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்து சோர்ந்து கிடக்கும் டி செல்களும் அங்கேயே இருக்கின்றன. அந்த நேரத்தில் மருந்து கிடைத்தால், பல்வேறு அடையாளங்களைக் கற்ற டி செல் படை பெருகி, ரத்தத்தில் ஏறி, உடலின் வேறு மூலைகளில் பதுங்கிய புற்றணுக்களையும் தேடிப் போகிறது. முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டால், அடையாளம் காட்டும் பொருளும் அதைக் கற்றுக்கொண்டிருந்த அணுக்களும் சேர்ந்தே வெளியே போய்விடுகின்றன. எலிகளில் மார்பகப் புற்றை வைத்து நடத்திய பரிசோதனைகளில், முன்னால் கொடுத்த இம்யூனோதெரபியே அதிக எலிகளைக் காப்பாற்றியது என்று 2016-லேயே ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். நுரையீரல் புற்றில் அறுவைக்கு முன் நிவோலுமாபும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பதற்கு 2022-ல் அமெரிக்க அனுமதியும் கிடைத்துவிட்டது.

ஈரலுக்குள் நடப்பது என்ன?

கல்லீரலில் இதைப் பரிசோதித்த முதல் ஆய்வுகள் சிறியவை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில், எடுக்கக்கூடிய நிலையில் கட்டி இருந்த 21 பேருக்கு அறுவைக்கு முன் செமிப்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை இரண்டு தவணை கொடுத்தார்கள். அறுவை முடிந்த 20 பேரில் நான்கு பேருடைய கட்டிகளில் 70 சதவிகிதத்துக்கு மேல் செத்திருந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 27 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நிவோலுமாப் மட்டும், மறு குழுவுக்கு இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் கட்டி பெருமளவு அழிந்திருந்தது. இவை இரண்டும் வெளிவந்த ஆண்டு 2022.

இந்த ஆய்வுகளில் விஞ்ஞானிகளுக்கு இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே, முழுக் கட்டியும் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பயாப்ஸி ஊசியில் வரும் நூல் போன்ற துணுக்கில் காண முடியாததையெல்லாம் அதில் பார்க்க முடிந்தது. மவுண்ட் சினாயில் மிரியம் மெராட் குழுவினர் 2023-ல் கண்டது: கட்டியில் டி செல்கள் இருப்பது மட்டும் போதாது. புற்றின் அடையாளத்தைக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களும் உதவி டி செல்களும் ஒன்றாகக் கூடி நிற்கும் இடங்கள் இருந்தால்தான், கொல்லும் டி செல்கள் முழுப் பலம் பெறுகின்றன. பால்டிமோரிலோ, மருந்துக்குப் பணிந்த கட்டிகளுக்குள் நிணநீர் முடிச்சைப் போன்ற கூட்டங்கள் புதிதாக உருவாகியிருந்தன. புற்றின் நடுவிலேயே எதிர்ப்பாற்றலுக்கு ஒரு முகாம்!

இன்னொன்றும் தெரிந்தது. ஸ்கேனில் கட்டியின் அளவு பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது செத்த திசுவாக இருக்கலாம். மருந்து வேலை செய்ததா என்பதை மில்லிமீட்டர் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

செத்துப்போன கட்டியைப் பார்த்து மகிழ்வது சரி, நோயாளிக்கு அதனால் என்ன லாபம்? வெவ்வேறு ஆரம்பநிலை ஆய்வுகளில் பங்கேற்ற 111 பேரின் விவரங்களைத் திரட்டி 2024-ல் வெளியான பகுப்பாய்வு இதற்கு ஓரளவு விடை தந்தது. இவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கட்டியின் பெரும்பகுதி அழிந்திருந்தது; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோருக்கு உயிருள்ள புற்றணு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படி நன்றாக அழிந்தவர்களுக்குப் புற்று திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. 90 சதவிகிதம் அழிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட எல்லைக் கோடு.

ஷாங்காயிலிருந்து வந்த சான்று

அறுவைக்கு முன் மருந்து கொடுத்த இந்தக் கல்லீரல் ஆய்வுகளில் எதுவும் ‘மருந்து கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள்’ என்று சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு அல்ல. அந்தக் குறையைத் தீர்த்தது சீனா. உலகின் கல்லீரல் புற்றுநோயாளிகளில் 40 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் அங்கேதான் இருக்கிறார்கள். ஷாங்காயின் சோங்ஷான் மருத்துவமனை தலைமையில் ‘கேர்ஸ்-009’ ஆய்வு 294 பேரிடம் நடந்தது. கட்டியை எடுக்கக்கூடிய நிலையில் இருந்தாலும், புற்று திரும்பும் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ உள்ளவர்கள் இவர்கள். ஒரு பாதிக்கு அறுவை மட்டும். மறு பாதிக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கேம்ரெலிசுமாப் ஊசியும், கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் ரிவோசெரானிப் மாத்திரையும்.

2025 அக்டோபரில் முடிவு வந்தது. நோய் முற்றாமல், திரும்பாமல், உயிரிழப்பு நேராமல் கடந்த காலத்தின் இடைநிலை அளவு, அறுவை மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 19.4 மாதங்கள். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 42.1 மாதங்கள். ஆபத்து ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. கட்டியின் பெரும்பகுதி செத்திருந்தவர்கள் மருந்துக் குழுவில் 35 சதவிகிதம். அறுவை மட்டும் செய்துகொண்ட குழுவில் 8 சதவிகிதம்.

எண்கள் மயக்குகின்றன. ஆனாலும் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. மருந்து முன்னும் பின்னும் கொடுக்கப்பட்டிருப்பதால், பலனில் எவ்வளவு முன்னால் கொடுத்ததன் பங்கு என்று இந்த ஆய்வை வைத்துத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. மேலும், மொத்த ஆயுள் கூடியதா என்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் கவனிக்க வேண்டும். ஐஎம்பிரேவ்050 கைதட்டல் வாங்கிப் பிறகு சறுக்கியதை யாரும் மறந்துவிடவில்லை.

காத்திருப்பின் விலை

கட்டியை உள்ளே விட்டுவைப்பதில் ஆபத்தே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். மூன்றில் ஒருவருக்கு நல்ல பலன் என்றால், மற்ற இருவருக்கு அந்த அளவு பலன் இல்லை என்றுதான் பொருள். அவர்களில் சிலருக்கு இந்த இடைவெளியில் கட்டி வளர்ந்து, எடுக்கும் வாய்ப்பே நழுவிப்போகலாம். நேராக அறுவை செய்திருந்தால் நலமாக இருந்திருக்கக்கூடிய ஒருவர் அந்தச் சிலரில் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் மருத்துவர்களின் தயக்கம். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் நம்பகமான பரிசோதனை கல்லீரல் புற்றில் இன்னும் அமையவில்லை.

பக்கவிளைவுகளும் உண்டு. ‘நிறுத்து’ சமிக்ஞையை மறித்ததும் டி செல்கள் புற்றோடு நிற்காமல் தோல், குடல், தைராய்டு, நுரையீரல், அரிதாக இதயத்தையும் தாக்கலாம். இங்கே கூடுதல் கவலை, அவை கல்லீரலையே தாக்குவது. பாதி நலிந்த ஈரலில் மேலும் அழற்சி வந்தால் அறுவை தள்ளிப்போகும். கேர்ஸ்-009 ஆய்விலேயே, அறுவைக்கு முந்தைய கட்டத்தில் மருந்து பெற்றவர்களில் 38 சதவிகிதம் பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. எம்.டி. ஆண்டர்சனில் இரட்டை இம்யூனோதெரபி பெற்றவர்களில் 43 சதவிகிதம் பேருக்குத் தீவிர விளைவுகள். ஒற்றை மருந்து பெற்றவர்களில் 23 சதவிகிதம்.

மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊசிகளின் விளைவு உடலில் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட நீடிக்கும். அதற்குள் புதிய ஈரலைப் பொருத்தினால், தூண்டப்பட்ட டி செல்கள் அதை அந்நியமாகக் கருதித் தாக்கிவிடக்கூடும். உயிரிழப்பில் முடிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

நோய்க்கான காரணமும் பலனை மாற்றுமா என்ற விவாதம் தொடர்கிறது. ஃபேட்டி லிவரிலிருந்து வந்த புற்றில் இம்யூனோதெரபி குறைவாகப் பலிக்கலாம் என்று 2021-ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. பின்னர் வந்த தரவுகள் அதை முழுமையாக உறுதி செய்யவில்லை. கேர்ஸ்-009 நடந்த சீனாவில் பெரும்பாலோருக்கு நோயின் வேர் ஹெபடைட்டிஸ் பி. மதுவாலும் ஃபேட்டி லிவராலும் புற்று வந்தவர்களுக்கும் அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த வேறுபாடு முக்கியமானது. விலையும்தான்: பல குடும்பங்களுக்கு இந்த ஊசிகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

மருத்துவரிடம் கேளுங்கள்

கல்லீரல் கட்டி கண்டறியப்பட்டவர்களின் குடும்பம், சிகிச்சை தொடங்கும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகள்:

• கட்டியை இப்போதே பாதுகாப்பாக எடுக்க முடியுமா? எடுத்தால் மிஞ்சும் ஈரல் எத்தனை சதவிகிதம்?

• புற்று திரும்பும் ஆபத்து எந்த அளவு? கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக் குழாய்க்குள் புகுந்திருப்பது, ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவு ஆகியவை அதைப் பற்றி என்ன சொல்கின்றன?

• அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், கல்லீரல் மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இந்த முடிவை எடுத்தார்களா?

• முன்னால் மருந்து கொடுப்பதாக இருந்தால், எத்தனை வாரம்? நடுவில் எப்போது மறுபடி ஸ்கேன்? எந்த நிலையில் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அறுவைக்குப் போவீர்கள்?

• ஹெபடைட்டிஸ் பி இருந்தால், வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தொடங்கியாயிற்றா? புற்றுநோய் சிகிச்சையின்போது வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம்.

• பிற்காலத்தில் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் வாய்ப்பு உண்டா? இது ஆய்வுத் திட்டமா, வழக்கமான சிகிச்சையா? செலவை யார் ஏற்பது?

இன்று எங்கே நிற்கிறோம்?

உலகின் பெரும்பாலான இடங்களில் அறுவைக்கு முன் இம்யூனோதெரபி, கல்லீரல் புற்றுக்கான வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. சிறிய ஒற்றைக் கட்டி, நல்ல ஈரல் என்றால் நேரடி அறுவையே சரி. அங்கே காத்திருப்பதால் கிடைப்பதைவிட இழப்பதற்கான வாய்ப்பு அதிகம். எடுக்கவே முடியாது என்ற எல்லையில் நிற்பவர்களும், எடுத்தாலும் சீக்கிரம் திரும்பிவிடும் என்ற நிலையில் இருப்பவர்களும்தான் இந்தப் புதிய வரிசையால் அதிகம் பலன் பெறக்கூடியவர்கள்.

இவையெல்லாம் நோய் வந்த பிறகான கணக்குகள். வராமல் தடுக்கும் வழி இதைவிட மலிவானது. தைவான் 1984-ல் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 2011 முதல் நாடு முழுவதும் இந்தத் தடுப்பூசி இலவசம். முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள். சிர்ரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டால், புற்று வந்தாலும் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

“ஆபரேஷன் எப்போ?” என்ற கேள்வி இனியும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “என் ஈரலுக்கும் என் கட்டிக்கும் எந்த வரிசை சரி?” என்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் விடை வேறாக இருக்கும். அதை ஒரே துறை மருத்துவர் தனியாகச் சொல்லிவிட முடியாது. பல துறையினர் கூடிப் பேசும் மருத்துவமனையில்தான் அந்த விடை கிடைக்கும். நோயாளி முதலில் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான்.